கூர்க்கா கத்தி: தேய்ப்பதற்கு முன் பில்லைப் பாருங்கள்

கேள்வி: பழைய பாணிக் கத்திகள் சேர்க்க ஆசை. முதல் கத்தியாக இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 18,000 ரூபாய்க்கு ஒரு குக்ரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) வாங்கினேன். அலகு 11 அங்குலம். அகலமான இடத்தில் இரண்டேகால் அங்குலம். எருமைக்கொம்புப் பிடி லேசாக ஆடுகிறது. அலகில் அம்புக்குறியும் 1917 என்ற எண்ணும் குத்தியிருக்கின்றன. கறுப்புத் திட்டுகள் உண்டு, சில இடங்களில் செந்துருவும் தெரிகிறது. முதல் உலகப் போரில் கூர்க்கா சிப்பாய் வைத்திருந்தது என்று லேமினேட் செய்த சான்றிதழ் தந்தார். ஆசிட் போட்டுப் பளபளப்பாக்கலாமா? பிடியை ஒட்டிவிடலாமா? வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா? பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் இருக்கிறது; நான்கு நாள் போய்விட்டது.
— தூத்துக்குடி வாசகர்

பதில்: ஆசிட்டையும் பசையையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கையில் ஆறு நாள் இருக்கிறது. ஒரு சொட்டு ஆசிட் பட்டால்கூட, "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லி வியாபாரி பணத்தைத் திருப்பித் தர மறுப்பார். கத்தி உண்மையானதா என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு முரண் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ராணுவம் வழங்கிய, ஆண்டு முத்திரை குத்திய மார்க் 2 வகைக் குக்ரியில், அலகின் வால் பிடியின் கடைசிவரை பட்டையாக ஓடும். அதன் இரு பக்கமும் மரப்பலகை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். பிடியின் முதுகிலும் அடியிலும் இரும்பு வெளியே தெரியும். இந்த அமைப்பில் ரிவெட் தளர்ந்தால் பலகைதான் ஆடும், அலகு ஆடாது. உங்களுடையது கொம்புப் பிடி. அதில் ரிவெட் இல்லாமல் அலகே ஆடுகிறது என்றால், வால் ஒல்லியாகப் பிடிக்குள் இறங்கிப் பசையில் நிற்கிறது என்று பொருள். நேபாளத்துக் கிராமப் பட்டறைகளின் வழக்கமான வேலை அது. நல்ல வேலைதான், பழையதாகவும் இருக்கலாம். தன் காசில் வாங்கிய கத்தியைச் சிப்பாய் கொண்டுபோனதும் உண்டு. ஆனால் அப்படிச் சொந்தமாக வாங்கிய கத்தியில் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி எதற்கு? முத்திரை பின்னால் குத்தப்பட்டது என்ற சந்தேகம் இங்கேதான் வருகிறது.

ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முத்திரையின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் அடியிலும் சுற்றியுள்ள இரும்பிலும் கறுப்பு ஒரே மாதிரி இருந்தால் நல்லது. அடிப்பகுதி மட்டும் வெளிறிப் பளிச்சென்றிருந்தாலோ, எழுத்தின் ஓரம் நகம் தட்டும்படி பிதுங்கியிருந்தாலோ அது புதுக் குத்து. அடுத்தது துரு. காலத்தால் வரும் துரு ஓரவஞ்சனை செய்யும்: உறையின் வாய் படும் இடம், பிடியை ஒட்டிய சிறு வெட்டு, கை அடிக்கடி பட்ட இடம் ஆகியவை அதிகம் அரித்திருக்கும், மற்ற இடம் தப்பியிருக்கும். ஆசிட்டில் முக்கி எடுத்த கத்தியில் குழிகள் முனையிலிருந்து பிடிவரை ஒரே ஆழத்தில், அம்மைத் தழும்பு போல் இருக்கும். மூன்றாவது உறை. அலகு நூறு வருடம் அரித்திருக்கும்போது உறையின் தோல் மட்டும் நேற்றுத் தைத்தது போல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். (உறை மாறியிருப்பது குற்றமில்லை, மாறியதை மறைப்பதுதான் குற்றம்.) உறையோடு வரும் கர்தா என்ற சிறு கத்தியும் சக்மக் என்ற மொக்கை இரும்பும் ஜோடியாகப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

சான்றிதழுக்கு வருகிறேன். அதைத் தந்தவர் யார்? விற்றவரேதான். தன் மாம்பழம் இனிக்கும் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. லேமினேட் செய்ததால் உண்மையாகிவிடாது. ஹாலோகிராம் ஒட்டி, "சேகரிப்பாளர் சங்கம்" என்று பெரிய பெயர் அச்சிட்டு, கத்திக்கு மேல் 3,000, 4,000 என்று தனியாக வசூலிக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். "அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தது, உலகில் சிலதான் உண்டு" என்பது இவர்களின் இன்னொரு பல்லவி. காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்குச் சரக்கை 2003-இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். அதில் குக்ரிகள் ஆயிரக்கணக்கில் சந்தைக்கு வந்தன. உண்மையிலேயே அங்கிருந்து வந்த கத்தியாக இருந்தாலும் அபூர்வம் என்று விலையேற்ற முடியாது. சிங்கத்தலைப் பிடி, பித்தளைப் பூவேலை, உறையில் கலர் கல் என்று வருபவை சுற்றுலாச் சரக்கு. அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கத்தியை வைத்துக்கொள்வது என்று முடிவானால், அதன்பின் துருவைக் கவனிக்கலாம். கறுப்புத் திட்டு அழுக்கு அல்ல. இரும்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட போர்வை அது. கத்தியின் வயதுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான சாட்சியும் அதுதான். அதைத் தேய்த்து எடுத்தால் விலையும் போகும், சாட்சியும் போகும். எடுக்க வேண்டியது, விரல் பட்டால் பொடியாக ஒட்டும் செந்துரு மட்டும். அந்த இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு பித்தளைத் துண்டு ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். பித்தளை எஃகைவிட மிருது, ஆகவே கீறல் விழாது. மிச்சத்துக்கு நான்கு சைபர் போட்ட 0000 நம்பர் ஸ்டீல் வுல் போதும். எண்ணெயோடு, துரு இருக்கும் இடத்தில் மட்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை ஸ்டீல் வுல் என்று நினைத்துவிடாதீர்கள். அது அலகை உழுதுவிடும். கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். மெழுகு கிடைக்காவிட்டால் அதே மெஷின் எண்ணெய், மாதம் ஒருமுறை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுக்காகி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையின் பித்தளை முனையைப் புளி போட்டோ பீதாம்பரி போட்டோ தேய்க்க வேண்டாம். தோலோடு சேரும் இடத்தில் பச்சையாக மெழுகு போல் ஏதாவது இருந்தால் பல்குச்சியால் எடுத்தால் போதும்.

சாணைக்காரரிடம் கொடுக்கவே கூடாது. குக்ரியை முழுதாகத் தண்ணீரில் முக்கித் துவைச்சல் (சூடான இரும்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது) போடுவதில்லை. காய்ச்சிய அலகின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில் மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வாய் கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் நிற்பது அதனால்தான். மின்சாரச் சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் துவைச்சல் இறங்கிவிடும்.

பிடி ஆடுவதற்கு ஃபெவிக்விக், எம்சீல் இரண்டும் வேண்டாம். உள்ளே இருப்பது லாஹா என்ற பிசின் பசை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். தலைமுடி உலர்த்தும் டிரையரைப் பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதியில் காட்டுங்கள். இரும்பு வழியாகச் சூடு உள்ளே இறங்கட்டும். கொம்பில் நேராகக் காட்டினால் அது வளைந்துவிடும். அலகின் மேல் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, பசை இளகியதும் பிடியை நேராக்கி அழுத்தி, ஆறும்வரை நிமிர்த்தி வையுங்கள். இரண்டு முறை செய்தும் நிற்காவிட்டால் உள்ளே பசை பொடிந்துபோயிருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். அலமாரியில் இருக்கும் கத்திக்குப் பிடி ஆடுவதால் நஷ்டமில்லை.

தூத்துக்குடியின் உப்புக்காற்றில் இன்னொன்று முக்கியம். கத்தியை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து அலகோடு ஒட்டவைக்கும். இரண்டையும் தனித்தனியே, சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். கத்தியை உருவும்போது உறையை அலகின் முதுகு இருக்கும் பக்கம் மட்டும் பிடியுங்கள். பழைய உறையின் தையல் வெட்டும் விளிம்புப் பக்கம் விட்டிருந்தால், அலகு தோலைத் தாண்டி விரலுக்கு வரும்.

இனி லைசென்ஸ். ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது, விதிகள் 2016-இல் புதிதாக எழுதப்பட்டன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் ஆயுதப் பட்டியலில் ஐந்தாம் வகை. குக்ரி பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. உங்களுடையது இரண்டு கணக்கிலும் தாண்டிவிட்டது. ஆனால் துப்பாக்கி அல்லாத ஆயுதத்தை வைத்திருக்க லைசென்ஸ் தேவை என்ற 4-ஆம் பிரிவு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்று சாதாரண ஆள் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க முடிகிறதா? ஒரு மேசையில் கேட்டால் "வேண்டாம்" என்பார்கள், அடுத்த மேசையில் "எதற்கும் வாங்கிவிடுங்கள்" என்பார்கள். இந்த இடைவெளியில்தான் "5,000 கொடுங்கள், பேப்பர் ரெடி" என்று தரகர் நுழைகிறார். கொடுக்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வியாபாரிகள் தூக்கிப் பிடிக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு: வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆன கருவி ஆயுதம் ஆகாது என்பது. உண்மைதான். தேங்காய் வெட்டும் அரிவாள் 9 அங்குலம் தாண்டினாலும் ஆயுதமல்ல. நேபாளத்தில் குக்ரியால் விறகும் வெட்டுகிறார்கள், ஆட்டையும் அறுக்கிறார்கள். ஆனால் நீங்கள் வாங்கியதை எப்படி விற்றார்கள்? போரில் சிப்பாய் வைத்திருந்தது என்று சான்றிதழோடு. அந்தக் காகிதத்தை ஒரு கையிலும் "இது விறகுக் கத்தி" என்ற வாதத்தை மறு கையிலும் பிடித்தால் எந்த அதிகாரி ஏற்பார்? "பழம்பொருளுக்குச் சட்டமே கிடையாது" என்பதையும் நம்ப வேண்டாம். அவர்கள் காட்டும் 45-ஆம் பிரிவின் சலுகை, சுட முடியாத பழைய துப்பாக்கிகளைப் பற்றியது. கத்தியை வெளியே எடுத்துப்போக நேர்ந்தால் துணி சுற்றி, பெட்டிக்குள், பில்லோடு. கூட்டம், ஊர்வலம், தடையுத்தரவு நாட்களில் வேண்டவே வேண்டாம்.

இன்றே வியாபாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1917 என்று அவர் சொல்வது உண்மையானால் கத்தி நூறு வருடம் தாண்டியது. வரலாற்றுப் பொருள் என்றே விற்றிருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அப்படிப்பட்டதை விற்கவே லைசென்ஸ் வேண்டும். ஐந்தாம் வகை ஆயுதத்தை வியாபாரமாக விற்கவும் தனியே லைசென்ஸ் வேண்டும். அந்த இரண்டு லைசென்ஸ் எண்களையும், "1917-இல் செய்யப்பட்ட ராணுவக் குக்ரி, அலகு 11 அங்குலம்" என்ற வாசகத்தையும் சேர்த்துப் புது பில் தரச் சொல்லுங்கள். பத்து நாள் கெடுவின் எட்டாம் நாள் மாலைவரை பில் வராவிட்டால், பழைய பில்லின் நகலையும் ஒரு கடிதத்தையும் வைத்துக் கத்தியைத் திருப்பி அனுப்புங்கள். பொட்டலத்தை மூடும் முன் முத்திரையையும் பிடியையும் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.