பாட்டிலை வைத்துவிட்டுக் குழாய் முனையைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, பல்லடம் அருகே 4,000 கறிக்கோழி வளர்க்கிறேன். ஒப்பந்தப் பண்ணை அல்ல. குஞ்சும் தீவனமும் என் செலவு. கோழிகளுக்கு இப்போது 22 நாள். நான்கு நாட்களாக எச்சம் நீர்த்து, செம்மஞ்சள் சளியோடு போகிறது. மக்காச்சோளக் குருணை செரிக்காமல் அப்படியே கிடக்கிறது. கோழிகள் கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாயான நிப்பிள் வரிசையின் கீழே, தரையில் பரப்பிய கூளம் சேறாகிவிட்டது. கடைக்காரர் புரோபயாடிக், அமிலக் கலவை, கல்லீரல் டானிக், பி-காம்ப்ளெக்ஸ், ஆம்புரோலியம், பெயர் ஒட்டாத ஒரு வெள்ளைப் பொடி ஆகியவற்றைக் கடனுக்குக் கொடுத்தார். குளோரின் போட்ட தொட்டியிலேயே எல்லாவற்றையும் கலந்து கொடுத்தேன். கழிச்சல் நிற்கவில்லை. எந்த நிறுவனத்தின் புரோபயாடிக் நல்லது? அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். முதலில் அந்தத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் குளோரினை நிறுத்திவிட்டுப் பால் பவுடர் கரைக்கிறீர்கள் அல்லவா? புரோபயாடிக்குக்கும் அதே கவனம் தேவை. லாக்டோபேசில்லஸ் வகை குளோரினில் சீக்கிரம் செத்துப்போகும். பேசில்லஸ் வகை வித்தாக இருப்பதால் ஓரளவு தாங்கும்; தீவனத்தில் கலந்து கொடுக்கவும் அதுவே ஏற்றது. நிறுவனத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்தக் கழிச்சலை எந்த நிறுவனத்தின் புரோபயாடிக்கும் நிறுத்தாது.

செம்மஞ்சள் சளியும் செரிக்காத தீவனமும் இந்த வயதில் சேர்ந்து வந்தால், நடுக்குடலைத் தாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி மீதுதான் என் சந்தேகம். ரத்தம் தெரியாததால் பலர் இதை 'தீவனக் கோளாறு' என்று விட்டுவிடுகிறார்கள். அதன் முட்டைகள் ஈரக் கூளத்தில்தான் தொற்றும் நிலைக்கு வளர்கின்றன. அது குடல் சுவரைப் புண்ணாக்கியதும் புரதம் கசிகிறது. அதைத் தின்று கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அந்த நிலையில் குடலை அறுத்துப் பார்த்தால் உட்புறம் முரட்டுத் துவாலையைப் போல இருக்கும். ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது. இன்றே நோயுற்ற மூன்று கோழிகளை உயிரோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். செத்துச் சில மணி நேரமான கோழியின் குடல் அழுகத் தொடங்கிவிடும். அதில் ஒன்றும் தெரியாது.

ஆம்புரோலியத்தையும் பி-காம்ப்ளெக்ஸையும் சேர்த்துக் கொடுத்தவர்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆம்புரோலியம் பி1 வைட்டமினைப் போல வேடமிட்டு, காக்சிடியாவுக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் தடுக்கும் மருந்து. கூடவே பி1 ஊற்றினால் மருந்தின் வேலை கெடுகிறது. இரண்டுக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. இது தெரியாதவர் மருந்து விற்கக் கூடாது. பெயரில்லாத அந்தப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. பெயர் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? இன்னும் மூன்று வாரத்தில் இந்தக் கோழி யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். தீவன மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறோம். தண்ணீர்க் குழாயின் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் முதலில் நிப்பிள் வரிசையின் கடைசி மூடியைத் திறந்து, வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பேன். பல இடங்களில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று படலம் கொட்டும். சர்க்கரை கலந்த டானிக்கும் வைட்டமினும் ஊற்ற ஊற்ற அந்தப் படலம் கொழுக்கிறது. திடீரென்று அமிலக் கலவை கொடுத்தால் அது பிய்ந்து வந்து நிப்பிள் ஊசியில் சிக்கும், நிப்பிள் ஒழுகும், கூளம் நனையும். உங்கள் சேற்றின் காரணமும் இதுவாகவே இருக்கலாம்.

கோழிகள் உள்ளே இருக்கும் வரை தினமும் ஒவ்வொரு வரிசையையும் முனை திறந்து வேகமாக ஓடவிட்டுக் கழுவுங்கள். நண்பகலில் மீண்டும் ஒருமுறை. சூடேறிய தண்ணீரும் வெளியேறிவிடும். கோழிகளை விற்றுக் கொட்டகை காலியானதும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைக் குழாயில் ஒரு நாள் நிறுத்தி வைத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அதற்கு ஆகும் செலவு அந்த டானிக் பாட்டில்களின் விலையில் ஒரு பங்குகூட இராது.

சேறான கூளத்தைக் கிளறிவிடாதீர்கள், அள்ளி வெளியேற்றுங்கள். அந்த இடத்தில் காய்ந்த தென்னை நார்த்தூளைப் போடுங்கள். ஒழுகும் நிப்பிள்களை மாற்றி, கோழி பாதம் தரையில் ஊன்றியபடி கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்துக்கு வரிசையை ஏற்றுங்கள். வாளியில் விழுந்த தண்ணீரின் நிறத்தையும், குடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பேட்சுக்குப் புரோபயாடிக் வேண்டுமா என்பதை அதன் பிறகு பேசுவோம்.