"இதையே ரகசியமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நாடகக்கலை படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். வயது 18. ஆறு வாரத்தில் ஆடிஷன். பழைய நாடகம் ஒன்றிலிருந்தும் இன்றைய நாடகம் ஒன்றிலிருந்தும் தலா இரண்டு நிமிட வசனம், அப்புறம் ஒரு பாட்டு என்று கேட்டிருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் பேசும் காட்சி ஒன்றை எடுத்து, ஒரு நடிகை அதைச் செய்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஆட்கள் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது, இரண்டு முறை வசனமே மறந்துபோய்விட்டது. இந்த நேரத்தில் வசனத்தை மாற்றலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: மாற்றுங்கள். ஆறு வாரம் தாராளமாகப் போதும். ஆறு நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அந்தத் தாயின் வசனம் நல்ல வசனமாகவே இருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வருகிறவர்களில் நிறையப் பேர் கதறி அழும் காட்சியைத்தான் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் கண்ணீர் வந்துவிட்டால் நடிப்பு வந்துவிட்டது என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. முன்கதை எதுவும் இல்லாமல், கதவைத் திறந்து உள்ளே வந்த அரை நிமிடத்தில் அந்த உச்சத்துக்கு ஏற வேண்டும் என்றால் உடம்புக்கு ஒரே வழிதான் தெரியும்: தொண்டையை இறுக்கிக் கத்துவது. நாடகத்தில் உங்கள் வயதுக்கு ஒட்டிய ஒரு ஆளைத் தேடுங்கள். அந்த ஆளுக்கு எதிரில் இருப்பவரிடமிருந்து ஏதோ ஒன்று இப்போதே வேண்டும், மன்னிப்போ, அனுமதியோ, போகாமல் இருப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை நடிப்புப் பயிற்சியின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. நெமிரோவிச் தாஞ்சென்கோவோடு சேர்ந்து 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர் அவர். இத்தனை வருடம் கழித்தும் ஒத்திகையில் ஒரு காட்சி நகராமல் நின்றுவிட்டால் நாங்கள் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். பழைய நினைவொன்றை உட்கார்ந்து கதையாகச் சொல்லும் வசனங்களில் இந்த 'வேண்டும்' பெரும்பாலும் இருக்காது, அதனால் அவற்றையும் தவிருங்கள்.

இரண்டு வசனங்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும். பழசு, புதுசு என்பது மட்டும் வேறுபாடு ஆகாது. ஒன்றில் நீங்கள் மன்றாடினால் இன்னொன்றில் கேலி செய்யுங்கள். முழு நாடகத்தையும் படியுங்கள், ஒரு முறை அல்ல, இரண்டு முறை. "இதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது?" என்று கேட்பார்கள், வசனத்தை மட்டும் எங்கிருந்தோ பிய்த்து எடுத்தவர் அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

வீடியோவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த நடிகை எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லில் குரலை இறக்கினார் என்பது வரை உங்களுக்குள் பதிந்திருக்கும், அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஒரு ராகத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் முதல் ஆடிஷனில் வசனம் முடிந்ததும் ஒருவர் கேட்டார், "இதையே ரகசியமாகச் சொல்லுங்கள், பக்கத்து அறையில் ஒருவர் தூங்குகிறார்." நான் அதே ஏற்ற இறக்கத்தோடு, சத்தத்தை மட்டும் குறைத்துச் சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். திரும்பவும் அதே ராகம்தான் வந்தது, வேறெதுவும் வரவில்லை. எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்தபோதுதான் அவர் எதைத் தேடினார் என்று புரிந்தது. முழுசாகத் தயாரான நடிகரை யாரும் அங்கே தேடுவதில்லை, அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் படிப்பு எதற்கு? சொன்னதைக் காதில் வாங்குகிறாரா, வாங்கியதை உடனே உடம்பில் முயன்று பார்க்கிறாரா, இவரோடு மூன்று நான்கு வருடம் வேலை செய்ய முடியுமா என்றுதான் பார்க்கிறோம். முயன்று சொதப்பியவர்களுக்கு இடம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்களை இடையில் நிறுத்தி வேறு மாதிரி செய்யச் சொன்னால் பயப்படாதீர்கள், உங்களோடு வேலை செய்து பார்க்க நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்காகவே பயிற்சி செய்யலாம். முதல் வாரம் உணர்ச்சியே இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரி ஏன் வருகிறது என்று மட்டும் யோசித்து மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம் அதே வசனத்தைக் கிசுகிசுத்துச் சொல்லுங்கள், வீடு பெருக்கிக்கொண்டே சொல்லுங்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லுங்கள், ஒரு சின்னக் குழந்தைக்குப் புரியவைப்பது போல, கடைசிப் பேருந்து கிளம்பப்போகிற அவசரத்தில், எதிரில் இருப்பவர் உங்கள் முகத்தையே பார்க்க மறுக்கும்போது. தோழி ஒருத்தியை உட்கார வைத்து, அவள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, நீங்கள் அந்த இடத்திலேயே மாற்றிச் செய்யுங்கள். வசனம் மறந்துபோவதற்கும் மருந்து இதுதான். ராகமாக மனப்பாடம் செய்தது நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் முழுசாக அறுந்துபோகும், அர்த்தமாக மனப்பாடம் செய்தது அறுந்த இடத்திலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். அப்படியும் மறந்துவிட்டால் ஒரு மூச்சு எடுத்து, பாத்திரமாகவே நின்று யோசியுங்கள், நீங்கள் நினைக்கிற அளவுக்கு அந்த மௌனம் நீளமாக இருக்காது. வராவிட்டால் "ஆரம்பத்திலிருந்து சொல்லட்டுமா?" என்று கேளுங்கள், தவறே இல்லை.

கை நடுக்கம் நிற்காது, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன்னால் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். இதயம் படபடப்பது இரண்டுக்கும் பொதுதான், அதற்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பது மாறுகிறது. அதனால் 'பதறாதே, பதறாதே' என்று உங்களை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். கூடவே, மூன்றாம் வாரத்திலிருந்து ஆட்கள் முன்னால் செய்யுங்கள், முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர், கடைசியில் உங்களை அதிகம் தெரியாத நாலு பேர். ஆடிஷனுக்குப் போடப்போகும் உடையும் செருப்பும் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

பாட்டைப் பொறுத்தவரை, முழுப் பாட்டையும் கேட்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். பல இடங்களில் 16 அல்லது 32 'பார்' (bar, ஒரு தாளச் சுற்று) மட்டும்தான் கேட்பார்கள், உங்கள் குரல் எங்கே நன்றாக ஒலிக்கிறதோ அந்தப் பகுதியை இப்போதே பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். பியானோ வாசிப்பவர் அங்கே இருந்தால், உங்கள் சுருதியிலேயே எழுதிய நோட்டேஷனைத் தெளிவாகப் பிரதி எடுத்துக் கொண்டுபோங்கள், எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள் என்று குறித்திருக்கட்டும். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காதீர்கள், முதல் வரியை மெதுவாகப் பாடிக் காட்டினால் போதும். தண்ணீரை முந்தின நாளிலிருந்தே குடியுங்கள். விழுங்குகிற தண்ணீர் உணவுக்குழாய் வழியாகப் போகிறது, குரல் நாண்களை நேராகத் தொடுவதே இல்லை, அதனால் வாசலில் நின்று அரை பாட்டில் குடிப்பதால் குரலுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

அறைக்குள் போனதும் பெயரையும் வசனம் எந்த நாடகத்திலிருந்து என்பதையும் சொல்லுங்கள். தொண்டை சரியில்லை, நேற்று தூங்கவில்லை என்றெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். அவர்களே பார்க்கச் சொன்னால் ஒழிய, யார் கண்ணையும் நேராகப் பார்த்து வசனம் பேசாதீர்கள், பாவம், அவர்களுக்குக் குறிப்பெழுத வேண்டியிருக்கும். அவர்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் உங்கள் எதிராளியை நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் என்றால் ஒத்திகையில் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடியும்படி வெட்டிவிடுங்கள். நடுவில் "நன்றி, போதும்" என்று சொன்னாலும் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு முகம் வாடாதீர்கள், பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது அல்லது நேரம் போய்விட்டது.

இந்த வாரம் வசனம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நான்கு நாடகங்களை மட்டும் படியுங்கள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பிறகும் எந்த ஆள் உங்கள் மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாரோ, அவரை எடுத்துக்கொள்ளுங்கள். யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.