குச்சி எச்சிலுக்கு முன் மாப்பிள்ளை ரத்தம்

கேள்வி: மகள் படிவம் 4 படிக்கும்போது பள்ளியில் ரத்தம் எடுத்து, தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) கடத்தியாக, அதாவது நோயில்லாமல் அந்தக் குறையைச் சுமப்பவளாக, இருக்கலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். அப்படியே விட்டுவிட்டோம். இப்போது என் அண்ணன் மகனுக்கு அவளைப் பேசியிருக்கிறோம். தோட்டத்துக்கு வந்த ஏஜெண்டு, கன்னத்தில் குச்சி விட்டு எடுக்கும் டிஎன்ஏ பரிசோதனை 1,500 ரிங்கிட், நூறு நோய் தெரியும் என்கிறார். செய்யலாமா? – ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: செய்யாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது மாப்பிள்ளையின் ரத்தம். மகள் மட்டும் கடத்தி என்றால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வராது. இருவருமே கடத்தி என்றால், வகையைப் பொறுத்து ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வரை ஆபத்து. சொந்தத்தில் கொடுப்பதால், ஒரே குறை இருவருக்கும் இறங்கியிருக்கும் வாய்ப்பு கூடுதல்.

பள்ளிக் கடிதத்தோடு இருவரும் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) போகட்டும். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். முழு ரத்த எண்ணிக்கையில் எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவு) 27க்குக் கீழே இருந்தால் ஹீமோகுளோபின் பகுப்பாய்வுக்கு அனுப்புவார்கள். மாப்பிள்ளைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். நம்மவர்களிடம் காணப்படும் அரிவாள் அணு வகை (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் குறை) எண்ணிக்கையில் தெரியாமல் நழுவிவிடும். பகுப்பாய்வில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 4 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா வகைத் தலசீமியாவின் கடத்திதான். அதைச் சொல்ல டிஎன்ஏ வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல், இரும்புச்சத்து. அது குறைந்தால் தலசீமியா இல்லாமலே எம்சிஎச் இறங்கும். அதே குறைவு ஏ2-வையும் கீழே இழுத்து, உண்மையான கடத்தியைச் சாதாரண ஆள்போலக் காட்டிவிடும். ஆகவே ஃபெரிட்டினும் (உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் டாக்டர் கொடுக்கும் மாத்திரையை மூன்று மாதம் போட்டு, மறுபடி ரத்தம் கொடுங்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் டானிக் விற்க வருகிறவர்களும் அந்த ஏஜெண்டு வகைதான்.

இரும்பு சரி, ஏ2 சரி, எம்சிஎச் மட்டும் குறைவா? தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபாவாக இருக்கலாம். டிஎன்ஏ அங்கேதான் தேவை; கிளினிக்கே மேல் ஆய்வகத்துக்கு அனுப்பும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். இனம், ரத்த எண்ணிக்கை, குடும்ப விவரம் எதுவும் எழுதாமல் படிவம் போனால் எந்த மாற்றத்தை முதலில் தேடுவது என்று ஆய்வகத்துக்கே தெரியாது. படிவத்தை நிரப்பச் சொல்லி நச்சரியுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் எழுதப்போவதில்லை.

ஏஜெண்டின் குச்சி பெரும்பாலும் மரபணுவில் முன்பே குறித்து வைத்த சில புள்ளிகளைத்தான் பார்க்கும். ஆல்ஃபாவில் மரபணுத் துண்டே காணாமல் போயிருக்கும். புள்ளி பார்க்கிற சோதனை அதைத் தவறவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடலாம். மரபணு முழுவதையும் வாசிக்கும் கருவிகள் மலிந்துகொண்டுதான் வருகின்றன. கூடவே ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற அறிக்கைகளும் பெருகும், அதைக் காட்டிப் பயமுறுத்தி இன்னொரு பரிசோதனை விற்பார்கள். ஆய்வகங்களைக் கட்டுப்படுத்த 2007-இல் நிறைவேற்றிய சட்டம் ஆண்டுக்கணக்கில் அமலாகாமல் கிடந்த நாடு இது. ஆய்வகத்தின் பெயரையும், சாம் திட்டத்தின் (மலேசிய ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் திட்டம்) ஐஎஸ்ஓ 15189 என்ற மருத்துவ ஆய்வகத் தரச் சான்றையும் கேளுங்கள். அந்தச் சான்றின் பட்டியலில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரைச் சோதனைக்கு வாங்கிய சான்றை டிஎன்ஏவுக்கும் காட்டலாம்.

இருவரும் கடத்தி என்றே வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மரபியல் ஆலோசனைக்குக் கடிதம் வாங்கி வையுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு நோய் உண்டா என்று பார்க்கும் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை, கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுப்பது. நாள் தள்ளிப்போனதும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும், வளைகாப்புவரை காத்திருக்கக் கூடாது.