அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஆறடி: விமானத்தில் எந்த சீட் எடுப்பது?

கேள்வி: அடுத்த மாதம் மதுரையிலிருந்து சென்னை வழியாக டெல்லி போகிறோம். அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்கால் முழுதாக மடங்காது, படி ஏறுவது சிரமம். நான் ஆறடி. பையனுக்கு 7 வயது. சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுத்தால் பலன் உண்டா? ஏறும்போது நடக்கும் தள்ளுமுள்ளுக்கு ஏதாவது வழி இருக்கிறதா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: சீட் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் விமானம் எது என்று பாருங்கள். முன்பதிவுத் திரையில் சீட் வரைபடம் வரும்போதே தெரிந்துவிடும். நடைவழிக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு சீட் இருந்தால் அது பெரும்பாலும் ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சின்ன விமானம். மும்மூன்று இருந்தால் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 வகை ஜெட். மதுரை–சென்னைக்குச் சின்னதும் வரும், பெரியதும் வரும். சென்னை–டெல்லிக்கு ஜெட்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், ‘முன் சீட்தான் நல்ல சீட்’ என்ற கணக்கு ஏடிஆரில் தலைகீழாகிவிடும். அதில் பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம், இடது புறம் இருக்கிறது. முன்பக்கக் கதவு சரக்குக்கு. முதல் வரிசையில் காசு கொடுத்து உட்கார்ந்தவர் விமானத்தின் முழு நீளமும் நடந்து போகவேண்டும், இறங்கும்போது கடைசி ஆளாக வரவேண்டும். காற்றாடிகள் சுழல்வதும் முன்பாதிக்குப் பக்கத்தில்தான். இரைச்சலும் அதிர்வும் அங்கேதான் அதிகம். கழிப்பறையும் பின்னால். ஆகவே ஏடிஆர் என்றால் அம்மாவுக்குக் கடைசியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசை. ஒரேயடியாகக் கடைசி வரிசை வேண்டாம். அங்கே கதவுக் கூட்டமும் கழிப்பறைக் கூட்டமும் தலைமாட்டில் நிற்கும்.

டெல்லி விமானத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்: 3 முதல் 6 வரையான வரிசை, நடைவழி ஓரம்.

எந்தப் பக்கத்து நடைவழி என்பதையும் கவனியுங்கள். மடங்காதது வலது கால். இடப்பக்க சீட்களின் நடைவழி ஓரத்தில் உட்கார்ந்தால்தான் வலது கால் நடைவழியை ஒட்டி வரும், அவ்வப்போது நீட்டலாம். ஏர்பஸ்ஸில் அது ‘சி’ சீட். ‘டி’யில் உட்காரவைத்தால் வலியுள்ள கால் நடு சீட்காரர் பக்கம் சிக்கிக்கொள்ளும். உணவு வண்டி வரும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடைவழி ஓரக் கைப்பிடி தூக்க முடியாதது என்றே பலர் நினைக்கிறார்கள். நிறைய சீட்களில் கைப்பிடியின் அடியில், பின்பக்கக் கீலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் மேலே போய்விடும். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு காலைத் திருப்பிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள். முதல் வரிசையில் பெரும்பாலும் இது நடக்காது. அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ளேயே மடித்து வைத்திருப்பதால் கைப்பிடி அசையாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். ஒரு துண்டை நாலாக மடித்து அம்மாவுக்கு அடியில் போட்டால் இடுப்பு சற்று உயரும், எழுவது எளிது.

இனி உங்கள் ஆறடி. விமான நிறுவனம் சொல்லும் ‘பிட்ச்’ கால் வைக்கும் இடத்தின் அளவு அல்ல. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரையான தூரம் அது. முன் சீட்டின் முதுகுக் கனமும் அதற்குள் அடக்கம். வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைச் சுவரோடு ஒட்டி, சுவரிலிருந்து முழங்கால் நுனி வரை டேப் பிடியுங்கள். ஆறடிக்காரருக்குப் பெரும்பாலும் 62 முதல் 65 செ.மீ. வரும். 29 அங்குல பிட்ச் என்றால் 73.6 செ.மீ. அதில் மெல்லிய முதுகுள்ள புது சீட்டுக்கு 5 செ.மீ. கழித்தால் 68 சொச்சம். முட்டாது, ஆனால் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளிதான். பழைய தடித்த சீட் என்றால் அதுவும் போச்சு. புது சீட்களில் பத்திரிகைப் பையை முழங்கால் மட்டத்திலிருந்து மேலே ஏற்றியதும் இந்த இரண்டு விரலுக்காகத்தான்.

ஏன் இவ்வளவு நெருக்குகிறார்கள்? விமானத்தின் தரையில் நெடுக ஓடும் தண்டவாளம் போன்ற பட்டையில்தான் சீட்டின் கால்கள் பூட்டப்படுகின்றன. அதில் அங்குலத்துக்கு ஒரு துளை. 30 வரிசையில் ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் திருடினால் 30 அங்குலம், அதாவது இன்னொரு வரிசை. ஏர்பஸ்ஸில் ஆறு டிக்கெட். திருட்டு என்று நாம் சொன்னாலும் சட்டப்படி தப்பில்லை: அத்தனை பேரும் பாதிக் கதவுகள் வழியாக 90 வினாடியில் வெளியேற முடியும் என்று நிரூபித்த எண்ணிக்கைக்குள் இருந்தால் சரி.

‘ஜன்னல் சீட்’ எடுத்தும் சுவரைப் பார்த்து உட்கார்வதற்கும் இதே பட்டைதான் காரணம். ஏர்பஸ் 320-இல் ஜன்னல்கள் விமான உடலின் சட்டகங்களுக்கு இடையே 21 அங்குலத்துக்கு ஒன்று வருகின்றன. சீட்கள் 28, 29, 30 என்று வருகின்றன. இரண்டும் பொருந்தாத வரிசையில் பையனை உட்காரவைத்தால் அழுவான். ஏடிஆரில் அவனுக்கு யோகம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடை இல்லை. சென்னை வடகிழக்கில் இருப்பதால் காலை விமானத்தில் வெயில் வலப்பக்கம் அடிக்கும், அம்மாவை ஒட்டிய இடது ஜன்னலே அவனுக்கு நல்லது.

காசு எங்கே கொடுக்கலாம்? டெல்லி விமானத்தில் உங்களுக்கு மட்டும், அவசர வழி வரிசைக்கு. பெரும்பாலும் இறக்கைக்கு மேல் 12, 13. அவற்றில் பின்னதை எடுங்கள், முன்னதில் சாய்மானம் இருக்காது. அம்மாவையும் பையனையும் அங்கே உட்கார விடமாட்டார்கள், ஆபத்தில் கதவைத் திறக்கும் பொறுப்பு அந்த வரிசைக்கு. ஆக நீங்கள் தனியாகப் போக நேரும். உங்கள் மனைவியோ வேறு பெரியவரோ உடன் வரவில்லை என்றால் அந்தச் செலவே வேண்டாம், அம்மா பக்கத்தில் இருங்கள். பையனுக்காகக் காசு கட்டத் தேவையில்லை. 12 வயது வரையான குழந்தைக்கு, ஒரே முன்பதிவில் உள்ள பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் பக்கத்தில் சீட் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. மூவருக்கும் ஒரே பிஎன்ஆர் போடுங்கள்.

தள்ளுமுள்ளு விஷயத்துக்கு வருவோம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் துண்டு போடுவது இடத்துக்காக. இங்கே இடம் போர்டிங் பாஸிலேயே அச்சாகிவிட்டது. சண்டை மேல் ரேக்குக்காகத்தான். வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008-இல் கணினியில் கணக்கிட்டுக் காட்டியதும் இதுதான்: பின்வரிசைக் கூட்டத்தை மொத்தமாக முதலில் அனுப்புவதால் வேகம் கூடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒரே இடத்தில் பெட்டி தூக்கி ஒருவரை ஒருவர் மறிக்கிறார்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, ஜன்னல்காரர் முதலில் போனால் பலர் ஒரே நேரத்தில் பெட்டி வைக்கலாம். அமெரிக்காவின் யுனைடெட் 2023-இல் ஜன்னல், நடு, நடைவழி என்ற வரிசைக்கு மாறியது. நம் ஊரில் ‘வரிசை எண் சொல்லும்போது வாங்க’ என்றாலும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.

உங்களால் முடிந்தது ஒன்று: ரேக்கை நம்பாமல் போங்கள். ஏடிஆர் ரேக் சின்னது. கெட்டிப் பெட்டி நுழையாவிட்டால் விமானத்தடியிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் பவர் பேங்கை வெளியே எடுத்தாக வேண்டும், அது சரக்கறைக்குப் போகக்கூடாது. மாத்திரை, மருத்துவச் சீட்டு, நகை, பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுப் பெட்டிக்குள் மேலாக வையுங்கள். பெட்டியைக் கேட்டால் பையை உருவிக்கொண்டு கொடுத்துவிடலாம், முன் சீட்டுக்கு அடியில் அடங்கும். ஜெட்டில் முன்னும் பின்னும் படி போட்டால் உங்கள் வரிசைக்கு எந்தக் கதவு என்று கேட்டு ஏறுங்கள். தப்பான கதவில் ஏறி எதிர்த்து வருபவர்களால்தான் நடைவழி அடைபடுகிறது.

அம்மாவுக்கு சக்கர நாற்காலி கேளுங்கள், கூச்சம் வேண்டாம். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யவேண்டும். அங்கே மூன்று குறியீடு உண்டு. படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏற முடியாது, விமானத்துக்குள் நடப்பார் என்றால் டபிள்யூசிஎச்எஸ். சீட் வரைக்கும் தூக்கிப் போகவேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது. வெறுமனே ‘வீல்சேர்’ என்று சொன்னால் முதலாவதைப் போட்டுவிடுவார்கள், விமானத்தடியில் படிக்கட்டைக் காட்டுவார்கள். இரண்டாவது என்றால் சாய்தளமோ தூக்கி வண்டியோ ஏற்பாடு செய்யவேண்டியது அவர்கள் பொறுப்பு. சக்கர நாற்காலிக்காரர் முதலில் ஏறுவார், கடைசியில் இறங்குவார். அதனால் சென்னையில் அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

பயணத்துக்கு முந்தின இரவு சீட் வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஏடிஆருக்குப் பதில் ஏர்பஸ் வந்தாலோ, ஏர்பஸ்ஸுக்குப் பதில் ஏடிஆர் வந்தாலோ நீங்கள் எடுத்த எண் வேறு மூலைக்குப் போயிருக்கும். உடனே மாற்றுங்கள். காசு கட்டிய சீட் காணாமல் போயிருந்தால் கவுன்ட்டரில் வரிசை நீள்வதற்கு முன் அந்தத் தொகையைத் திரும்பக் கேளுங்கள்.