நான்கு வருட நோட்டுப்புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நான்கு வருடங்களாக, வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு குளத்தைச் சுற்றி நடந்து, பார்க்கும் பறவைகளை நோட்டில் எழுதி வருகிறேன். கொஞ்சம் படங்களும் எடுத்திருக்கிறேன். பொதுமக்களின் குறிப்புகளை ஆராய்ச்சிக்குத் திரட்டும் 'மக்கள் அறிவியல்' திட்டத்தில் சேர்ப்பதாகச் சொல்லி ஓர் அமைப்பினர் வந்தார்கள். பதிவுக் கட்டணம் கட்டி, நோட்டையும் படங்களையும் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்களாம். கொடுக்கலாமா? படிப்பே வேறான என் குறிப்புகள் ஆராய்ச்சிக்கு உதவுமா?

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், நோட்டும் கொடுக்காதீர்கள். குறிப்புகள் மட்டும் அறிவியலுக்குப் போகட்டும். அதையும் உங்கள் கையாலேயே சேருங்கள்.

உதவுமா என்ற சந்தேகம் வேண்டாம். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900-இல் 27 பேரோடு தொடங்கியது. இன்றும் தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள். 1970-க்குப் பிறகு அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்குக்கு முதுகெலும்பாக இருந்ததும், ஒரே தடத்துக்கு வருடா வருடம் போய் எண்ணிய ஆர்வலர்களின் பதிவுகளே. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் இதில் பெரிய விஷயம். அதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். '6.10 முதல் 7.05. மேகமூட்டம். முக்குளிப்பான் 4, நாமக்கோழி 7, மீன்கொத்தி 1.' அதற்குக் கீழே, 'மழை விட்டபின் போனேன். நாமக்கோழி 2. வேறு எதுவும் இல்லை.' அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பெரும்பாலானோர் அபூர்வமான பறவையைக் கண்ட நாளை மட்டும் எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு எது கூடியது, எது குறைந்தது என்று சொல்லவே முடியாது. எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எது இல்லை என்பதும் இருந்தால்தான் அது தரவு.

பறவைக் குறிப்புகளுக்கு 2002 முதல் இயங்கும் இ-பேர்டு இணையதளம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பழைய தேதியிட்ட பட்டியல்களையும் ஏற்கும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கேட்கும். எல்லாவற்றையும் பதியாத நாளுக்கு 'இல்லை' என்றே சொல்லுங்கள். நினைவிலிருந்து எதையும் கூட்டிச் சேர்க்காதீர்கள். வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கை என்றால் சரிபார்ப்பவர் விவரம் கேட்டு எழுதுவார். அது சந்தேகமல்ல, நடைமுறை. பூச்சி, தவளை, செடி படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றலாம், அதுவும் இலவசம்.

இப்போது அந்த அமைப்புக்கு வருகிறேன். இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். நான்கு வருட உழைப்பை வாங்கி, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, 'எங்கள் தன்னார்வலர்கள் திரட்டிய தரவு' என்று நிதி கொடுப்பவர்களிடம் காட்டுவார்கள். உங்களுக்கு பிரேம் போட்ட ஒரு காகிதம் மிஞ்சும். அந்தச் சான்றிதழை எந்த ஆய்விதழும் கேட்பதில்லை. மறுபடி வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இந்தத் தரவு கடைசியில் எந்தப் பொதுத் தளத்தில் இருக்கும், நான் அதைப் போய்ப் பார்க்க முடியுமா?' நேர்மையானவர் ஒரே வரியில் பதில் சொல்வார். 'எங்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும்' என்பது பதில் அல்ல.

ஏமாற்றுக்காரர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. முறையான ஆய்வுத் திட்டங்களும் மக்களை நடத்தும் விதம் வருத்தம் தருகிறது. நான் தொடக்க காலத்தில் வேலை செய்த ஒரு திட்டத்தில், இரவெல்லாம் தவளைச் சத்தம் கேட்டு எழுதி அனுப்பியவர்கள் பலர். மூன்றாம் வருடம் நிதி முடிந்தது, இணையதளம் மூடப்பட்டது, ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எழுதியவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம்கூடப் போகவில்லை. கேட்டால், அதற்கு பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். மக்களைச் சேர்ப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, முடிவைத் திருப்பிச் சொல்ல ஒதுக்குவது அத்தனை கஷ்டமா?

உங்கள் படங்களை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை ஐநேச்சுரலிஸ்டில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பெயர் குறிப்பிட்டு, வணிகமல்லாத நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள், உங்களுக்கு அது போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் 'எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்' என்று சொல்ல மாட்டேன். அது இடம். கூடு, ஆந்தை பகலில் அடையும் மரம், ஆமை முட்டையிடும் கரை, அரிய ஆர்க்கிட் இவற்றின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடாதீர்கள். 1999-இல் சீன-வியட்நாம் எல்லைப் பகுதியிலிருந்து கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடிப்பவர்கள் அங்கே போய், முதன்முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அது இல்லாமல் செய்துவிட்டார்கள். 2015-இல் அதே பேரினத்தில் இரண்டு புதிய பல்லிகளை விவரித்தவர்கள், கட்டுரையில் இடத்தையே வெளியிடவில்லை. விஞ்ஞானிகளே அப்படிச் செய்யும்போது நாமும் செய்யலாம்.

ஐநேச்சுரலிஸ்டில் இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. புள்ளி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ விழும். அழிவாபத்தில் உள்ள பல உயிரினங்களுக்குத் தளமே இதைச் செய்துவிடும். ஆனால் குறிப்புப் பகுதியில் நீங்களே 'மதகுக்குப் பக்கத்து மரம்' என்று எழுதினால் மங்கலாக்கியதற்கு அர்த்தமில்லை. கூட்டை மறைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அதே மரத்தில் எடுத்த வண்ணத்துப்பூச்சியைத் திறந்த இருப்பிடத்தோடு ஏற்றினாலும் அப்படித்தான். செல்போன் படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கூடு என்றால், குஞ்சு பறந்து போனபின் பதிவேற்றுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு.

முதலில் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். மூல நோட்டு வீட்டை விட்டுப் போகக் கூடாது. பிறகு, நினைவு புதிதாக இருக்கும் போன மாதத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கி நாளுக்கு ஒரு பக்கமாக ஏற்றுங்கள். அந்த அமைப்பினர் மறுபடி தொலைபேசியில் அழைத்தால், 'குறிப்புகள் இ-பேர்டில் இருக்கின்றன, ஆராய்ச்சிக்குக் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்' என்று சொல்லிவிடுங்கள்.