தெருமுனை கேஸ்ட்ரோபப்பிற்குக் குடும்பத்தோடு போகலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

தெற்கு லண்டனில் உள்ள குராய்டனுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதியர் ஞாயிறு மதிய உணவுக்குத் தெருமுனையில் உள்ள கேஸ்ட்ரோபப்பிற்கு அழைத்திருக்கிறார்கள் என்றும், குடிப்பழக்கமும் மாட்டிறைச்சியும் இல்லாத நீங்கள், முட்டைகூடத் தொடாத மனைவியையும் ஐந்து வயது மகளையும் அங்கே அழைத்துச் செல்வது முறையாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த இடத்தின் நடைமுறை தெரியாமல் போனால் முதல் அரைமணி நேரம் கூச்சத்திலேயே கழிந்துவிடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பப், பார் என்றதும் நம் நினைவுக்கு வருவது டாஸ்மாக் கடையை ஒட்டிய இருட்டுக் கொட்டகைதான். பெண்களும் குழந்தைகளும் எட்டிப்பார்க்காத அந்த இடத்திற்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இங்குள்ள பப்பிற்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. கேஸ்ட்ரோபப் என்பது, பழைய பப்பின் கட்டடத்தையும் பழக்கவழக்கங்களையும் வைத்துக்கொண்டே சமையலை முன்னுக்குக் கொண்டுவந்த இடம். லண்டனில் ஃபாரிங்டன் சாலையில் உள்ள 'தி ஈகிள்' என்ற பப்பை 1991இல் மைக்கேல் பெல்பென், டேவிட் ஐர் என்ற இருவர் எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து இந்த வகை பிறந்ததாகச் சொல்வது வழக்கம். அதற்குச் சற்று முன்னர், 1989இல், ஆயிரக்கணக்கான பப்களைத் தம் கைக்குள் வைத்திருந்த பெரிய பீர் நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தும்படி அரசு ஆணையிட்டிருந்ததால், பல கட்டடங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. பெரிய முதலீடு இல்லாத சமையல்காரர்கள்கூட அவற்றை எடுத்து நடத்த வழி பிறந்தது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தின் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்த பிறகு, உணவை நம்பிப் பிழைக்கும் பப்கள் இன்னும் பெருகின. பெயர்ப் பலகையில் கேஸ்ட்ரோபப் என்று எழுதியிருக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். கரும்பலகையில் அன்றைய உணவுகளை எழுதி வைத்திருப்பதும், ஒன்றோடொன்று பொருந்தாத பழைய மர நாற்காலிகளும், சுவரில் பெரிய தொலைக்காட்சி இல்லாததுமே அடையாளம்.

பாதி உணவகம், பாதி பப் என்பதால் புதிதாக வருபவர் முதலில் திணறுவது எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்பதில்தான். சில இடங்களில் வாசலிலேயே ஒருவர் வரவேற்று, மேசைக்கு அழைத்துச் சென்று, அங்கேயே வந்து கேட்பார். வேறு சில இடங்களில் நீங்களாக ஒரு மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பார் கவுண்டருக்குப் போய் உணவைச் சொல்லி, அப்போதே பணமும் கட்டிவிட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருப்பது வீண். கவுண்டரில் போய்க் கேட்டுவிடுங்கள், அதை ஒருவரும் தவறாக எண்ண மாட்டார்கள். கவுண்டரின் முன் வரிசை இருக்காது. ஆனாலும் யாருக்குப் பின் யார் வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும், பரிமாறுபவருக்கும் தெரியும். கையை ஆட்டுவதோ, பணத்தை நீட்டிக் காட்டுவதோ, குரல் கொடுத்துக் கூப்பிடுவதோ இங்கே மிகவும் மரியாதைக் குறைவான செயல். பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்துவிட்டு அமைதியாக நின்றால் போதும்.

குடிக்காதவரை வினோதமாகப் பார்ப்பார்களோ என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த சோடா, இஞ்சி பீர், ஆல்கஹால் இல்லாத பீர் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இஞ்சி பீர் பெரும்பாலும் மதுவற்றதுதான் என்றாலும், மது கலந்த வகையும் விற்பனையில் உண்டு, கேட்டு வாங்குங்கள். மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். போத்தல் தண்ணீருக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

உணவு விஷயத்தில்தான் நீங்கள் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். ஞாயிறு ரோஸ்ட் என்பது மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றில் ஒன்றின் வறுத்த இறைச்சித் துண்டுகளோடு, வறுத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கள், யார்க்‌ஷயர் புட்டிங் (கரைத்த மாவைச் சுட்டு எடுக்கும், இனிப்பில்லாத ஒரு வகை ரொட்டி), மேலே ஊற்றும் கிரேவி எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய தட்டு. நீங்கள் கோழி ரோஸ்ட் கேட்டாலும், உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ வறுத்திருக்கலாம். கிரேவி எல்லா இறைச்சிக்கும் பொதுவாக ஒரே பானையில் மாட்டெலும்புச் சாற்றில் காய்ச்சியதாக இருக்கலாம். யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை கட்டாயம் உண்டு, பழைய முறைப்படி செய்தால் மாட்டுக்கொழுப்பும் உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்தெந்த உணவில் உள்ளன என்று சொல்ல வேண்டிய சட்டக் கடமை உணவகங்களுக்கு இருக்கிறது. முட்டை, பால், மீன், நிலக்கடலை ஆகியவற்றோடு நம் தாளிப்புக் கடுகும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் அதில் இல்லை. ஆகவே ஒவ்வாமை அட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாமல், எந்தக் கொழுப்பில் பொரித்தது, எந்தச் சாற்றில் காய்ச்சியது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கே தெரியாவிட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்து வருவார்கள்.

உங்கள் மனைவிக்கு வெஜிடேரியன் என்ற குறி போதாது. இந்த நாட்டில் அந்தக் குறி முட்டையையும் உள்ளடக்கியது. வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது, என்று குறியிட்ட உணவே அவருக்குப் பாதுகாப்பு. அதில் பாலும் நெய்யும் இருக்காது என்பது ஒரு குறை என்றாலும், முட்டை ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். பருப்பு வகைகளும் கொட்டைகளும் சேர்த்துச் சுட்ட நட் ரோஸ்ட் பல இடங்களில் கிடைக்கும். அதைக்கூட முட்டை சேர்த்துக் கட்டுவதுண்டு என்பதால் வீகன் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிப்ஸ் (இங்கே விரல் போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு), மீன் பொரித்த அதே எண்ணெயில் வருமா என்பதும் கேட்க வேண்டிய ஒன்று. ஸ்காட்ச் எக் என்ற பெயரைப் பார்த்து நீங்கள் முட்டைதானே என்று எடுத்துவிட வேண்டாம். முட்டையைச் சுற்றிப் பொதிந்திருப்பது வழக்கமாகப் பன்றி இறைச்சி.

காரம் இருக்காது, அதை எதிர்பார்த்துப் போவதே தவறு. ஆனால் மேசைக்குக் கேட்டு வாங்கும் இங்கிலீஷ் மஸ்டர்டு என்ற கடுகு விழுதை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது நாக்கை விட்டுவிட்டு நேரே மூக்குக்கு ஏறும். நான் இன்றும் அதைத் தொட்டுக்கொள்ளாமல் இங்கே கோழி ரோஸ்ட் சாப்பிடுவதில்லை.

நம்மைப் போன்ற முகங்கள் உள்ளே போனால் எப்படிப் பார்ப்பார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். 1960களில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள ஸ்மெதிக் போன்ற ஊர்களில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் பப்பின் சில அறைகளில் இடம் மறுத்த நிறத்தடை வெளிப்படையாகவே இருந்தது. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம்தான் பொது இடங்களில் அதைச் சட்டவிரோதமாக்கியது. அந்தப் பகுதிகளில் பின்னாளில் பஞ்சாபியர்களே பப்களை எடுத்து நடத்தி, பீரோடு தந்தூரி இறைச்சியும் பரிமாறும் தேசி பப்களாக மாற்றிவிட்டார்கள். இன்று குராய்டனில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கால்பந்தாட்டம் காட்டும் சாதாரண பப்களுக்கு ஆட்ட நாளில் குழந்தையோடு போவதை மட்டும் நான் தவிர்ப்பேன். அது நிறத்தைப் பற்றிய பயம் இல்லை, சத்தத்தைப் பற்றியது.

குழந்தைக்குத் தடை இல்லை. மதிய நேரத்தில் பெரும்பாலான இடங்களில் பிள்ளைகளைப் பார்க்கலாம், மாலை ஏழு எட்டு மணிக்கு மேல் அனுமதி இடத்துக்கு இடம் மாறும். உங்கள் மகளுக்கு நாய் என்றால் பயம் என்றால், அதை முன்கூட்டியே சொல்லுங்கள்; பல பப்களில் மேசைக்கடியில் நாய்கள் படுத்திருக்கும், சாப்பாட்டுப் பகுதிக்குள் நாயை விடாத இடங்களில் அந்தப் பக்கமாக மேசை கேட்டு வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு அவசியம், அதை அழைத்தவர்கள் செய்திருப்பார்கள். இருந்தாலும் வீகன் உணவு ஒன்று வேண்டும் என்பதை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ரோஸ்ட் தீர்ந்துபோவது சாதாரணம்.

கடைசியாகப் பணம். அழைத்தவர்தான் கொடுப்பார் என்ற நம் ஊர் வழக்கத்தை இங்கே நம்பிப் போகக் கூடாது. பப்பிற்கு வாருங்கள் என்பது சேர்ந்து சாப்பிடலாம் என்ற அழைப்பு. அவரவர் குடும்பத்துக்கு அவரவர் கொடுப்பதோ, பில்லைச் சமமாகப் பிரிப்பதோதான் வழக்கம். லண்டனில் ஒரு ரோஸ்ட் தட்டுக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆவது சாதாரணம் என்பதால் அந்தக் கணக்கோடு போங்கள். குடிப்பதற்கு அவர்கள் முதல் சுற்று வாங்கிக் கொடுத்தால், அடுத்த சுற்று உங்களுடையது. நீங்கள் சோடா குடித்தாலும் அவர்களுடைய பீருக்கு நீங்கள் கொடுப்பதுதான் முறை, மது வாங்க மனம் ஒப்பவில்லை என்றால் ஆரம்பத்திலேயே நான் எனக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மேசைக்கு வந்து பரிமாறும் இடங்களில் பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருப்பது வழக்கம். அது விருப்பத்தின்பேரில் என்று குறிப்பிட்டிருந்தால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அந்தத் தொகை முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், சேவை நன்றாக இருந்தால் நான் நீக்கச் சொல்வதில்லை. அது பில்லில் சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம். கவுண்டரில் வாங்கும் பானத்துக்கும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.