கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை ஊசி போடலாமா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். காரைக்குடியில் ஒரு பார்லரில், எட்டுத் தடவை குளுட்டாதயோன் டிரிப் ஏற்றினால் நிறம் வெளுக்கும், உதட்டைப் புடைப்பாக்க ஃபில்லர் ஊசியும் போடலாம் என்கிறார்கள். டாக்டர் ஞாயிறுதோறும் வருவாராம். பாதிப் பணம் கட்டியாச்சு. போடலாமா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: ஆச்சி, கட்டின பணம் போனாலும் போகட்டும், அந்த டிரிப் வேண்டாம். குளுட்டாதயோன் நம் உடம்பே உண்டாக்கிக்கொள்கிற பொருள்தான். ஆனால் நிறம் வெளுக்க அதை நரம்பில் ஏற்றுவதற்கு இங்கே அனுமதி கிடையாது. திடீரென்று கடும் ஒவ்வாமை வந்தால் அட்ரினலினும் ஆக்சிஜனும் உடனே வேண்டும். ஃபேஷியல் கட்டிலுக்குப் பக்கத்தில் அவை இருந்தனவா, பார்த்தீர்களா? (கோபித்துக்கொள்ளாதீர்கள்: மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்து, பிடித்துத்தானே பேசி முடித்தார்கள்?)

ஃபில்லரை அப்படி ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ போட்டால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். பொதுவாக உதட்டில் போடுவது ஹையலூரானிக் அமிலம். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால்தான் வினை. அந்த இடம் வலித்து, வெளுத்து, கருநீலமாகித் தோல் அழுகிவிடும். அரிதாகப் பார்வை போனவர்களும் உண்டு. அதைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு மகள் வலியில் துடித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பார்லர் ஷட்டரையா?

அவள் ஆசைப்பட்டால் கிளினிக்குக்கே கூட்டிப் போங்கள். டாக்டரின் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இடத்துக்கு 1997-ஆம் வருஷத்து மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். பார்லரின் தொழில் உரிமம் அதற்கு ஈடாகாது, சுவரில் மாட்டிய ‘கோர்ஸ் முடித்த’ சான்றிதழும் ஆகாது. ஃபில்லர் பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீக்கமும் கன்றிப்போன நீலமும் கல்யாண போட்டோவில் விழும்.

ஏற்கெனவே டிரிப் ஏறியிருந்து மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ கண்டால், பார்லருக்குப் போன் போட்டு நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். பார்லர் மேல் புகார் என்றால் சிவகங்கையில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ரசீது கொடுத்தார்களா, இல்லை துண்டுச் சீட்டுதானா? சீட்டானாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.